பார்க்கிங்கில் நிற்காத வண்டி

ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வண்டி எப்போது கியர் மாற்றுகிறது என்று தெரியாது. அதில் தவறொன்றும் இல்லை. தெரியாமல் இருக்கத்தானே அதை வாங்குகிறார்கள். ஏதாவது கோளாறு காட்டும்போதுதான் உள்ளே கியர்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிற நினைப்பே வரும். அப்போது என்னிடம் வருவார்கள். "ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போறப்ப யாரோ பின்னாடி உதைச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். "ரிவர்ஸ் போட்டா கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் நகருது" என்பார்கள். நான் கேட்டுக்கொள்வேன்.

யாரும் என்னை இந்த விசாரணை அறைக்கு அனுப்பவில்லை. வக்கீல் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தேநீர் போதும். பெயர் ஜியென் யுங்-ஷிங், வயது ஐம்பத்து நான்கு. கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால், மேட்டுத் தெரு ஏற ஆரம்பிக்கிற இடத்தில் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக எஞ்சின் பக்கம் போனதில்லை, டயர் கழற்றியதில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும்தான்.

வண்டி வந்ததும் மற்றவர்கள் ஸ்கேனரை மாட்டுவார்கள். நான் முதலில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேடு ஏறி இறங்கச் சொல்வேன். கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு டாக்ஸிக்காரம்மா, மழை பெய்தால் மட்டும் வண்டி திணறுகிறது என்று சொல்லி மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு வந்தார். கீலுங்கில் மழை பெய்யாத நாள் எது என்று அங்கெல்லாம் கிண்டல் செய்திருக்கிறார்கள். நான் கியர்பாக்ஸுக்குப் போகும் வயரின் இணைப்பைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே தண்ணீர் நின்றது. ஊரில் எனக்கு இருந்த பெயர் அப்படிப்பட்டது.

எனக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்து உண்டு. நிதானமாகக் கேட்கிறவர்களிடம் சமாளித்துவிடுவேன். முறைத்துப் பார்த்துக் கேள்வி கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்போது திக்கவில்லையே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அதற்கும் வருகிறேன்.

பான் வென்-தாங் சார் நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மேட்டுத் தெருவின் உச்சியில் வீடு. மூன்று வருடத்துக்கு முன்னால் முதல்முறை வந்தார். வண்டி இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது உதைத்தது. உள்ளே எண்ணெயைத் திறந்துவிடுகிற சின்ன மின்வால்வு ஒன்று சோர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொன்னேன். எண்ணெய் மாற்றினால் போதும் என்று எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். கடையில் அப்போது நான்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"சரி, அந்த வால்வு எவ்வளவு நேரத்துல தொறக்கணும்? சொல்லு பாப்போம்."

"சா... சார், அ-அது வந்து..."

"அது வந்து எங்க போச்சு? கேள்வி புரிஞ்சுதா, இல்ல திரும்பக் கேக்கணுமா?"

"சூ-சூடு ஏறினா நேரம் மா... மா..."

"மாமாவா? உங்க மாமாவ யாருப்பா கேட்டா?"

மாறும் என்று சொல்ல வந்தேன். நான்கு பேரும் சிரித்தார்கள். வேண்டுமென்று சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அடக்க முடியவில்லை. நாற்பது விநாடி வீடியோ. எங்கள் மேட்டுத் தெருவுக்குப் போனில் ஒரு குழு இருக்கிறது, நானூறு பேர். அதில் போட்டார். மேலே ஒரு வரி: 'மெக்கானிக்கிடம் போவதற்கு முன் படித்துவிட்டுப் போங்கள்.'

அந்த மாதத்துக்குள் நான் மாமா ஆகிவிட்டேன். எதிர்க்கடையில் மீன் உருண்டை சூப் விற்கிற அ-தாவ் நல்லவன்தான், அவனே, "மாமா, ஒரு கிண்ணம் சூ-சூ-சூப் போடவா?" என்பான். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் கடை வாசலில் நின்று "மா... மா..." என்று மாடு மாதிரி கத்திவிட்டு ஓடும். என் மகளுக்கு நிச்சயம் செய்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பிடித்துக் குலுக்கி, முகத்தைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "அட, நீங்கதானா அது" என்றார். அவர் தைச்சுங்கில் இருக்கிறார். தைச்சுங் எங்கே, மேட்டுத் தெரு எங்கே. அன்று விருந்தில் பெண்ணின் தகப்பன் எழுந்து நான்கு வார்த்தை பேச வேண்டும். என் மனைவி பேசினாள். என் மகள் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பான் சார் வேறு கடையில் எண்ணெய் மாற்றினார். உதை நின்றுவிட்டது. புது எண்ணெய் ஊற்றினால் சில மாதம் அடங்கும், அது என் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். 'எண்ணெய் மட்டுமே போதுமாக இருந்தது' என்று அதையும் குழுவில் போட்டார். நான்காம் மாதம் உதை திரும்பி வந்தது. அதைப் போடவில்லை. தினமும் காலையில் என் கடையைத் தாண்டி மேடேறும்போது அந்த வண்டி மூன்றாவது கியருக்குப் போகிற இடம் எதிர்க்கடை விளக்குக் கம்பம். அங்கே வந்ததும் ஒரு உதை. இரண்டு வருடம் அதைக் கேட்டேன். நான் சொன்னது சரி என்று அந்த வண்டி தினமும் சொல்லிக்கொண்டு போனது. அதைக் கேட்கத் தெரிந்தவன் தெருவில் நான் ஒருவன்தான்.

எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. கத்துகிற கோபம் இல்லை. எனக்குக் கத்த வராது. கத்தினாலும் திக்கும். அடுப்பை அணைத்த பிறகும் இரும்புச் சட்டியில் சூடு நிற்குமே, அப்படி. இரண்டு வருடம் நின்றது. நியாயமான கோபம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

போன ஏப்ரலில், மூதாதையர் கல்லறைகளைச் சுத்தம் செய்கிற வாரத்தில், அவர் திரும்பி வந்தார். கூடவே மனைவி ஷியூ-லுவான் அக்கா. அந்த வேறு கடைக்காரர்கள் கடைசியில் மின்வால்வை மாற்றியிருந்தார்கள். நான் முதலிலேயே சொன்ன அதே வால்வு. உதை நின்றது, புதிதாக ஒன்று ஆரம்பித்தது.

பான் சார் பழைய கதை எதையும் பேசவில்லை. "இவளுக்குத்தான் பிரச்சினை. எனக்கு ஒண்ணும் தெரியல. கேட்டுக்க" என்றார்.

அக்கா என் பக்கமாக வந்து நின்று மெதுவாகச் சொன்னார். "தம்பி, எங்க வீட்டு வாசல் ரோட்டுலேர்ந்து சரிவா கீழ இறங்கும், பாத்திருப்பே. கேட்டு அடியில இருக்கு. இவரு சரிவுல நிறுத்தி பார்க்கிங்ல போட்டுட்டு உள்ளயே உக்காந்திருப்பாரு. நான் இறங்கிப் போய் பூட்டைத் தொறப்பேன். தொறக்கறப்ப பின்னாடி வண்டி ஒரு சாண் வருது. டிக்குனு ஒரு சத்தம். அப்பறம் நிக்குது."

"பிரேக்லேர்ந்து காலை எடுத்தா எந்த வண்டியும் கொஞ்சம் அசைஞ்சு உக்காரும்" என்றார் பான் சார்.

"ஒரு சாணா அசையும்?"

"நீ ஸ்கேல் வெச்சு அளந்தியா?"

"என் முழங்கால்ல வந்து பட்டுதுங்க."

"நீ பின்னாடி நகர்ந்திருப்பே. கேட்டை இழுக்கறப்ப எல்லாரும் பின்னாடிதான் நகருவாங்க. சும்மா பயப்படறது ஒரு வியாதி உனக்கு."

அக்கா என்னைப் பார்த்தார். "நீ பாத்து சொல்லு தம்பி. நீ சொன்னா இவரு கேப்பாரு."

இந்தத் தொழிலில் எத்தனையோ பேர் வந்து கோளாறைச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு சுத்தமாக யாரும் சொன்னதில்லை. எங்கே, எப்போது, எவ்வளவு தூரம், என்ன சத்தம். வண்டியைத் தொடாமலே எனக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து லீவரைப் பார்க்கிங்குக்குத் தள்ளினேன். கடைசி ஒரு விரல் தூரம் கையில் பாரமே தெரியவில்லை, அறுந்த கயிற்றை இழுக்கிற மாதிரி. வண்டியை லிஃப்டில் ஏற்றினேன். லீவரிலிருந்து வருகிற கேபிளின் முனையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கும். அதுதான் கேபிளை கியர்பாக்ஸோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். வால்வு மாற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பி அதைப் பிளந்துவிட்டிருந்தார்கள். லீவர் பார்க்கிங்கில் நிற்கும், விளக்கும் அப்படியே காட்டும், கேபிள் அந்தச் செய்தியை முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்க்காது. உள்ளே வண்டியைப் பூட்டுகிற கொக்கி, பற்சக்கரத்தின் பல்லிடுக்கில் விழாமல் பல்லின் தலையில் உட்கார்ந்திருக்கும். வண்டி ஒரு சாண் உருண்டதும் விழும். அக்கா கேட்ட டிக் அதுதான். ஒரு நாள் புஷ் முழுதாகக் கழன்றுகொள்ளும். அன்றைக்கு லீவர் பார்க்கிங்கில் இருக்கும், கியர்பாக்ஸ் ஓட்டத்திலேயே இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சரிவில், முன்னால் ஆள் நிற்க.

கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் புஷ் என் இரண்டாவது இழுப்பறையில் பதினொன்று இருந்தது. மாற்ற ஐந்து நிமிடம்.

நான் வண்டிக்கு அடியில் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் பான் சார், காத்திருந்த வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "இவருகிட்ட கேள்வி மட்டும் கேட்டுடாதீங்க. பதில் வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்." அந்த ஆள் சிரித்தார். அக்கா, "சும்மா இருங்களேன், காதுல விழப்போகுது" என்றார். "விழட்டுமே" என்றார் பான் சார்.

அந்த நேரத்தில் முடிவு செய்தேன் என்று எழுதாதீர்கள். நான் எதையும் முடிவு செய்யவில்லை. புஷ்ஷைக் கையில் எடுத்தேன், இரண்டு துண்டாக வந்தது. அதையே திரும்ப முனையில் வைத்து அழுத்தினேன். வண்டியை இறக்கினேன். கையைத் துடைத்துக்கொண்டு பான் சார் முன்னால் போய் நின்றேன்.

"ஒண்ணும் இல்ல சார். எல்லாம் சரியா இருக்கு. நீங்க சொன்னதுதான் சரி."

ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது, அன்றிலிருந்து திக்கியதே இல்லை. பான் சாரும் கவனித்தார் என்று நினைக்கிறேன், புருவத்தை உயர்த்தினார். உடனே போனை எடுத்தார். "இதை இன்னொரு தடவை சொல்லு. இவளுக்குத் தெனமும் போட்டுக் காட்டணும்."

நான் போனைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னேன். "அக்கா, வண்டி நகரல. உங்களுக்குத்தான் நகர்ற மாதிரி தோணுது. வயசானா சரிவுல நிக்கறப்ப அப்படித் தெரியும். பயப்படாம நில்லுங்க."

அக்கா முழங்காலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்ப என் தப்புதான். உங்க ரெண்டு பேர் நேரத்தையும் வீணாக்கிட்டேன்" என்றார். கையில் வைத்திருந்த பையை நீட்டினார். கல்லறைக்குப் படைக்கச் செய்த பச்சை அரிசிக் கொழுக்கட்டை, முள்ளங்கி வைத்தது. "நல்லா இருக்கும், சாப்பிடு." நல்லாத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள். அந்த நாட்களில் என்னை நானே கேட்டுக்கொண்டேனா என்றால், இல்லை. எனக்கு வேலை இருந்தது. அந்த வண்டி தினமும் கடையைத் தாண்டிப் போகும். ஒரு நாள் சிக்னலில் என் வாசலுக்கு நேராக நின்றது. கண்ணாடியை இறக்கி அக்கா கையசைத்தார், நானும் அசைத்தேன். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். சிக்னல் விழ இன்னும் முப்பது விநாடி இருந்தது. பான் சார் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் பக்கம் திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு தோன்றியது. அவர் திரும்பவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலையில் சந்தைக்குப் போய்விட்டு வந்தார்கள். நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. எனக்கு அ-தாவ்தான் வந்து சொன்னான். "மாமா, கேட்டியா? பான் சார் பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டர மிதிச்சிட்டாராம். அந்தம்மா கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல... ஆஸ்பத்திரி போறவரைக்கும்கூட உசுரு இல்லையாம்."

மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து, வண்டியைக் கடைசியாகப் பார்த்தது நான்தானா என்று கேட்டார். பார்த்தேன், கியர்பாக்ஸில் குறை இல்லை, அந்த வயதில் கால் தடுமாறுவது சகஜம் என்றேன். வீடியோவும் இருந்தது. பான் சாரே எடுத்தது. அதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா. பார்க்கிங்கில்தான் போட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் நம்பவில்லை. குழுவில் நானூறு பேரும் எழுதினார்கள். கிழவர்களிடமிருந்து சாவியைப் பிடுங்க வேண்டும் என்றார்கள். படித்தவர், இப்படி மனைவியைக் கொன்றுவிட்டு வண்டியின் மேல் பழி போடுகிறாரே என்றார்கள். எல்லாவற்றையும் படித்தேன். நான் எதுவும் எழுதவில்லை.

அவர் மேல் வழக்குப் போட்ட பிறகு பான் சார் ஒருமுறை கடைக்கு நடந்து வந்தார். குடையில்லாமல் நனைந்திருந்தார். தலைமை ஆசிரியர் தோரணை எதுவும் மிச்சமில்லை.

"ஜியென்... நா... நான் பார்க்கிங்லதான் போட்டேன்பா. எழுத்தைப் பாத்தேன். கா... காலை எடுத்தேன், அது போயிட்டே இருந்துது. அவ திரும்பிப் பாத்தா. வண்டியை இன்னொரு தடவை பாரேன். உன்னால கண்டுபிடிக்க முடியும்."

"பாத்தாச்சே சார். அதான் அன்னைக்கே சொன்னேனே. வீடியோ உங்ககிட்டதானே இருக்கு, போட்டுப் பாருங்க."

கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நான் உட்காரச் சொல்லி ஒரு நாற்காலி போட்டேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் கொடுமைக்காரன் இல்லை.

அவருடைய வக்கீல் விடாமல் மறுபரிசோதனை கேட்டார். தைபேயிலிருந்து தூ யா-பிங் என்ற பெண் பொறியாளர் வந்தார். வண்டியைப் பிரித்துப் புஷ்ஷை இரண்டு துண்டாக எடுத்தார். கெட்டிக்காரி என்றுதான் சொல்வேன். அவர் அறிக்கையால் பான் சார் விடுதலை ஆனார். வால்வு மாற்றிய கடை மேல் வழக்குப் பாய்ந்தது. என்னையும் கூப்பிட்டீர்கள். அன்று இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அறிக்கையிலிருந்து படித்துக் காட்டினீர்கள்: 'வண்டியைப் பரிசோதித்த மெக்கானிக், கேபிள் முனையில் உடைந்திருந்த புஷ்ஷைக் கவனிக்கத் தவறிவிட்டார். கவனக்குறைவு, அல்லது போதிய பயிற்சியின்மை.' பிறகு அன்பாகச் சொன்னீர்கள். எல்லோருக்கும் தவறு நேரும், நீங்கள் அபராதத்தோடு போய்விடலாம், இனிமேல் கவனமாக இருங்கள் என்றீர்கள்.

அந்த வரியை யாரோ குழுவில் போட்டுவிட்டார்கள். அ-தாவ் வந்து என் தோளில் கை வைத்தான். "விடு மாமா. நீ என்ன வேணும்னா செஞ்சே? தெரியாமத்தானே விட்டே" என்றான். முதல்முறையாக அவன் கிண்டல் இல்லாமல் பேசினான். என் மகளும் தைச்சுங்கிலிருந்து போன் செய்தாள். "அப்பா, நீ வருத்தப்படாதே. உனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பே" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்பதில் எல்லோருக்கும் அத்தனை நிச்சயம்.

அதனால்தான் வந்தேன். அக்காவுக்கு நியாயம் கிடைக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை, பயந்தாங்கொள்ளியும் இல்லை, அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. அது எழுத்தில் வர வேண்டும் என்பதற்காகத்தான் வந்தேன்.

அந்த அறிக்கையில் இரண்டு தவறு இருக்கிறது. இரண்டையும் திருத்த வேண்டும். கேபிள் முனையில் இருந்த எண்ணெயை கியர்பாக்ஸிலிருந்து கசிந்தது என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறார். அந்த கியர்பாக்ஸில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. கியர்பாக்ஸ் எண்ணெய் சிவப்பாக இருக்கும். முனையில் இருந்தது நிறமில்லாத தையல் மெஷின் எண்ணெய். என் மேசையில் இருக்கிற குப்பியிலிருந்து மூன்று சொட்டு வைத்தேன், புஷ் தானாகச் சீக்கிரம் நழுவ வேண்டும் என்று. நிறத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு இன்னும் அனுபவம் போதாது.

இன்னொன்று, நான் கவனிக்கத் தவறிவிட்டேன் என்கிற வரி. அதை அடித்துவிடுங்கள். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான் என்று அதற்கு முன்னால் எழுதுங்கள். அதைக் குழுவில் யாராவது போடுவார்கள் அல்லவா?